மசாலா பிராண்டை விலைக்கு வாங்கப் போறோம், பத்திரத்துல என்ன எழுதிக்கணும்?

பெருந்துறை_ரேவதி:
எல்லோருக்கும் வணக்கமுங்க. நானும் வீட்டுக்காரரும் பெருந்துறைப் பக்கம் மசாலாப் பொடி அரைச்சுக் கொடுக்கிறோம். இதுவரைக்கும் அடுத்தவங்க பேருக்குத்தான் அரைச்சோம், எங்களுக்குன்னு ஒரு பேர் கிடையாது. ஈரோட்டுல ஒரு பெரியவர் முப்பது வருஷத்துக்கு மேல சாம்பார் பொடி, குழம்பு மிளகாய்த்தூள் போட்டுட்டிருக்கார். வயசாயிருச்சு, பையனுக்கு இதுல இஷ்டமில்லை, பேரை நீங்களே எடுத்துக்கங்கன்னு சொல்றார். டிரேட்மார்க் பதிவு பண்ணின பேர்தான். மெஷின் வேண்டாம், கட்டடம் வேண்டாம், பேரும் பாக்கெட் டிசைனும் பொடியோட சேர்மான அளவும் மட்டும் போதும்னு விலை பேசி முடிச்சாச்சு.

அவரோட ஆடிட்டர் ஆபீஸ்ல 20 ரூபாய் பத்திரத்துல ஒண்ணு டைப் பண்ணி அனுப்பியிருக்காங்க. முக்கியமான வரி இதுதான்: "மேற்படி பெயரைத் தாங்கள் தங்கள் வியாபாரத்தில் உபயோகித்துக்கொள்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." கீழே தொகை, ரெண்டு சாட்சி. கையெழுத்துப் போட்டுடலாமுங்களா?

திருப்பூர்_நந்து:
போடுங்க அக்கா. எங்க ஊர்ல பனியன் பிராண்டு கை மாறுறதெல்லாம் இப்படித்தான். மனுசன் நல்லவரா இருந்தாப் போதும், பத்திரம் சும்மா ஒரு பேச்சுக்கு.

கிண்டி_ஏஜென்ட்:
போடாதீங்க மேடம்.

டிரேட்மார்க் ஏஜென்டா கிண்டி ரெஜிஸ்ட்ரிக்கு அலையறவன் நான். இந்த மாதிரிப் பேப்பர் நிறைய கண்ணுல படுது. "ஆட்சேபணை இல்லை"ன்னு எழுதினா அது விற்பனையே இல்லை. அவர் சொந்தக்காரராவே இருக்கார், நீங்க அவர் அனுமதியில ஓட்டறீங்க, அவ்வளவுதான். நாளைக்கு அவருக்கு ஆட்சேபணை வரலாம். அவருக்கு வரலேன்னா பையனுக்கு வரும், பிராண்டு நல்லா ஓட ஆரம்பிச்சா கண்டிப்பா வரும். நீங்க கொடுத்த முழுத் தொகையும் லைசென்ஸ் கட்டணம்னு ஆயிடும்.

எழுத வேண்டியது வேற. இன்ன நம்பர் பதிவு, இன்ன வகுப்பு (பொடின்னா 30), இந்தக் குறியில எனக்குள்ள சகல உரிமை, பாத்தியதை எல்லாத்தையும், அதோட ஒட்டின வியாபார குட்வில்லோட (ஜனங்ககிட்ட அந்தப் பேருக்கு இருக்கிற மதிப்பு) சேர்த்து, இவ்வளவு ரூபாய் வாங்கிக்கிட்டு, இன்ன தேதியிலேர்ந்து நிரந்தரமா உங்களுக்கு மாத்திக் கொடுத்துட்டேன். "கொடுப்பேன்"னு எழுதினா அது வெறும் வாக்குறுதி, "கொடுத்துட்டேன்"னு இருக்கணும்.

குட்வில்லோடங்கிற சொல்லை விட்டுடாதீங்க. குட்வில் இல்லாம வெறும் குறியை மட்டும் மாத்தினா 1999 டிரேட்மார்க் சட்டம் பிரிவு 42 வந்து உட்காரும். ஆறு மாசத்துக்குள்ள ரெஜிஸ்ட்ராருக்கு மனு போட்டு, அவர் சொல்ற விதத்துல விளம்பரம் கொடுத்தாத்தான் அந்த மாற்றமே செல்லும். மிஞ்சிப்போனா மூணு மாசம் கூடக் கிடைக்கும். சட்டப்படி குட்வில் இல்லாமலும் விக்கலாம், தப்பில்லை. ஆனா உங்க கதையில அதுக்கு அவசியமே இல்லை.

இன்னொண்ணு. இன்னிக்கு ராத்திரியே டிரேட்மார்க் பதிவு பார்க்கிற அரசாங்கத் தளமான ஐபி இந்தியாவுல பதிவு நம்பரைப் போட்டுப் பாருங்க. உரிமையாளர்னு யார் பேர் இருக்கு, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு பார்த்துச் சொல்லுங்க. வீடு வாங்கினா வில்லங்கம் போட்டுப் பார்க்காம அட்வான்ஸ் கொடுப்பீங்களா?

கோவை_டிசைனர்:
பாக்கெட் டிசைன் பத்தி யாரும் பேசலையே, நான் பேசறேன். பேர் டிரேட்மார்க். பாக்கெட் மேல இருக்கிற படம், எழுத்து அமைப்பு, அந்த அம்மா கரண்டி பிடிச்சிட்டிருக்கிற ஓவியம், இதெல்லாம் காப்பிரைட். ரெண்டும் வேற வேற சட்டம். அந்தப் படத்தை வரைஞ்சது யாரு? அவர் கம்பெனியில சம்பளத்துக்கு இருந்த ஆளா? அப்படின்னா உரிமை கம்பெனிக்கு. வெளியில பில் போட்டு வரைஞ்சு கொடுத்தவரா? அப்போ எழுதி வாங்கினாலொழியப் பெரும்பாலும் உரிமை வரைஞ்சவருக்கே. (ஃபோட்டோவுக்கும் காசுக்குச் சொல்லி வரைய வெச்ச ஓவியத்துக்கும் மட்டும் தனி விதி உண்டு, பிரிவு 17.) பில்லுக்குப் பணம் கொடுத்துட்டோம், எல்லாம் எங்களுதுன்னு நினைக்காத கஸ்டமரை நான் இன்னும் பார்க்கலை.

ஒரு ஸ்வீட் கடைக்கு லோகோவும் பெட்டியும் செஞ்சு கொடுத்தேன். கடை கை மாறிச்சு. வாங்கினவர் என்னோட டிசைனைக் கொஞ்சம் நிறம் மாத்தி மூணு ஊர்ல போட்டுட்டார். கேட்டா, "பழைய ஓனர்கிட்ட வாங்கிட்டேன்"ங்கறார். பழைய ஓனருக்கே நான் எழுதிக் கொடுக்கலையேப்பா.

எழுதிக் கொடுத்தாலும் காலம் போடலைன்னா 5 வருஷம்தான். பரப்பு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். பிரிவு 19. வாங்கினவர் ஒரு வருஷம் பயன்படுத்தாமலே வெச்சிருந்தா, பத்திரத்துல வேற மாதிரி சொல்லியிருந்தாலொழிய, உரிமை திரும்பி வந்துடும். ஆக, "காப்பிரைட்டின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்"னு ஒரு வரி இல்லாத பத்திரம் அஞ்சு வருஷத்துல சாயம் போயிடும்.

பெருந்துறை_ரேவதி:
@கோவை_டிசைனர் படத்தை வரைஞ்சவர் சிவகாசிப் பிரஸ்ல இருந்த ஆர்ட்டிஸ்டாம், பெரியவருக்கு அவர் பேரே மறந்துபோச்சுங்க.

@கிண்டி_ஏஜென்ட் சார், போட்டுப் பார்த்தேன். செல்லுபடித் தேதி இன்னும் நாலு வருஷம் இருக்கு. ஆனா உரிமையாளர் இடத்துல பெரியவர் பேர் தனியா இல்லை. அவரும் அவரோட அண்ணாவும் சேர்ந்து நடத்தின பார்ட்னர்ஷிப் கம்பெனி பேர் இருக்கு. அண்ணா காலமாகி வருஷமாச்சுங்க. அதுக்கப்புறம் இவரே தனியா நடத்திட்டு வர்றார். இதுல ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?

கிண்டி_ஏஜென்ட்:
இதுதான் பிரச்சினையே.

ரெண்டே பேர் இருந்த பார்ட்னர்ஷிப்ல ஒருத்தர் போயிட்டா அங்கேயே கம்பெனி முடிஞ்சது. ஒத்தை ஆளை வெச்சுப் பார்ட்னர்ஷிப் நடக்காது. அப்போ பிராண்டு யாருது? பார்ட்னர்ஷிப் சொத்து. குட்வில்லும் பார்ட்னர்ஷிப் சொத்துன்னு 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் பிரிவு 14 வெளிப்படையாவே சொல்லுது. அதாவது, அண்ணாவோட பங்கு அவர் வாரிசுங்களுக்குப் போயிருக்கு. தம்பி இத்தனை வருஷம் நடத்தினார், உழைச்சார், எல்லாம் சரி. கணக்கு முடிச்சு அண்ணா வீட்டுல எழுதி வாங்கினாரா? இல்லைன்னா முழுசா விக்க அவருக்கு மட்டும் உரிமை இல்லை. இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பார்?

வழி இருக்கு. இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கிற வாரிசுச் சான்று எடுக்கச் சொல்லுங்க. விற்பனைப் பத்திரத்துல பெரியவர், அவரோட அண்ணா மனைவி, பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து விக்கிறவங்களா கையெழுத்துப் போடணும். கம்பெனி எப்போ தொடங்கிச்சு, எப்போ முடிஞ்சது, யார் யாருக்கு வந்தது, இப்போ யாருக்குப் போகுதுன்னு பத்திரத்தோட முன்பாதியிலேயே கதை மாதிரி வரணும். ரெஜிஸ்ட்ரியில பரிசோதிக்கிறவர் அந்தச் சங்கிலியைத்தான் தேடுவார்.

திருப்பூர்_நந்து:
ஒரு பொடி பேர் வாங்க தாசில்தார் ஆபீஸா? சார், உங்களுக்கு ஃபீஸ் வரணும்னு பயமுறுத்தறீங்க.

கிண்டி_ஏஜென்ட்:
தம்பி, ஃபீஸ் நான் சொல்லவே இல்லை. அரசாங்கக் கட்டணம் வேணா சொல்றேன்: உரிமையாளர் பேரை மாத்தறதுக்கான டிஎம்-பி படிவம் ஆன்லைன்ல போட்டா ஒரு குறிக்கு 9,000 ரூபாய். மேடத்துக்கு வேண்டப்பட்ட வக்கீல் இருந்தா அவர்கிட்டயே போகட்டும்.

சட்டக்கல்லூரி_மாறன்:
ஒரு சின்ன திருத்தம் சார். ரெஜிஸ்ட்ரியில பதிவு பண்ணாத்தான் உரிமை மாறும்னு இங்கே படிக்கிறவங்க நினைச்சுக்கப் போறாங்க. உரிமை பத்திரத்திலேயே மாறிடுது, பதிவு அதுக்கு அத்தாட்சிதான்னு உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருக்கு.

கிண்டி_ஏஜென்ட்:
கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் நடுவுல நீங்க சொல்றது சரி. ஆனா டிரேட்மார்க் சட்டம் பிரிவு 45-ஐ முழுசாப் படிங்க மாறன். மனு போடாம வெச்சிருந்தா, உங்களுக்கு வித்தது தெரியாம அதே குறியை விலைக்கு வாங்கின இன்னொருத்தருக்கு எதிரா உங்க பத்திரம் நிற்காது. போலி பாக்கெட் போடறவன் மேல கேஸ் போட்டாலும், ரெஜிஸ்டர்ல வேற பேர் இருக்கேன்னு முதல் நாளே எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திருப்பார். அதனால கையெழுத்தான வாரமே டிஎம்-பி போட்டுடணும். வக்கீலாகப் போறவர் நீங்க, தியரியோட இதையும் சேர்த்து வெச்சுக்கங்க.

கார்_பைத்தியம்:
இந்த விஷயத்துல பெரிய முதலாளிங்களே சறுக்கியிருக்காங்க. 1998-ல ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனி விலைக்கு வந்தப்போ ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கிச்சு. க்ரூ ஊர்ல இருக்கிற ஃபேக்டரி, பென்ட்லி பிராண்டு, காருக்கு முன்னாடி நிக்கிற அந்த சிறகு விரிச்ச பொம்மை, கிரில் டிசைன் எல்லாம் வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு வரலை: ரோல்ஸ் ராய்ஸ்ங்கிற பேர். அது விமான இன்ஜின் செய்யற தனிக் கம்பெனிகிட்ட இருந்தது. அவங்க பிஎம்டபிள்யூவுக்கு 4 கோடி பவுண்டுக்குக் கொடுத்துட்டாங்க. கடைசியில 2003-லேர்ந்து ரோல்ஸ் ராய்ஸ் கார் செய்யறது பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகனுக்கு பென்ட்லி. ஃபேக்டரி வாங்கினவனுக்குப் பேர் இல்லை, பேர் வாங்கினவன் வேற ஊர்ல புதுசா ஃபேக்டரி கட்டினான்.

சிவகாசி_பாண்டி:
அந்த ஆர்ட்டிஸ்ட் மேட்டர்: பேர் தெரியலைன்னா பழைய படத்தையே கட்டிக்கிட்டு அழ வேண்டாம் மதினி. பேரை மட்டும் வெச்சுக்கிட்டு பாக்கெட்டைப் புதுசா வரையச் சொல்லுங்க, வரையறவர்கிட்ட முதல்லயே எழுதி வாங்கிருங்க. கலரை மட்டும் மாத்தாதீங்க. எங்க பக்கம் கடைக்காரங்க "அந்த மஞ்சக் கவர் பொடி"ன்னுதான் கேக்காங்க.

பெருந்துறை_ரேவதி:
இது நல்ல யோசனைங்க பாண்டி அண்ணா.

இன்னொரு பயம். பையனுக்கு இஷ்டமில்லைன்னு சொல்றாங்க, ஆனா அஞ்சு வருஷம் கழிச்சு "பழைய ஒரிஜினல்"னு சொல்லிட்டு அதே அளவுல பொடி போட்டா நான் என்னங்க பண்றது?

கிண்டி_ஏஜென்ட்:
பேர் போட்டா டிரேட்மார்க்ல பிடிச்சுடலாம். அதே அளவுல வேற பேர்ல போட்டாத்தான் கஷ்டம். பொடியோட அளவுக்குன்னு தனியா ஒரு சட்டம் இங்கே கிடையாது. ரகசியமா வெச்சுக்கறோம், வெளியில சொல்ல மாட்டோம்னு ஒப்பந்தத்துல எழுதி, அதை மீறினா நஷ்டஈடுன்னு கட்டணும். அளவை ஒரு தாள்ல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, உறையில ஒட்டி பத்திரத்தோட இணைப்பா வைங்க. பத்திரத்துக்குள்ளேயே எழுதிடாதீங்க, அதை ரெஜிஸ்ட்ரியில கொடுக்கணும், யார் வேணாலும் பார்க்க வாய்ப்பிருக்கு.

போட்டி வியாபாரம் பண்ணக்கூடாதுங்கிற ஷரத்துக்கும் குட்வில்தான் ஆதாரம். தொழில் செய்யாதேன்னு ஒருத்தரைக் கட்டிப்போடற ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-ன்படி செல்லாது. அதுக்கு விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு அங்கே எழுதியிருக்கு: வியாபாரத்தோட குட்வில்லை வித்தவர், குறிப்பிட்ட எல்லைக்குள்ள அதே தொழில் பண்ண மாட்டேன்னு ஒத்துக்கலாம், எல்லை நியாயமா இருக்கிற வரைக்கும். அதனால "ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் மாவட்டம்"னு எழுதுங்க. "உலகத்துல எங்கேயும்"னு பேராசைப்பட்டா மொத்தமா அடிச்சுடுவாங்க. பையனும் அந்த ஷரத்துக்குத் தனியாக் கையெழுத்துப் போடட்டும். அவர் குட்வில்லை விக்கிறவர் இல்லைங்கறதால அவரைக் கட்டுப்படுத்தறதுல வாதம் வரலாம், இருந்தாலும் போட்டு வெக்கிறது நல்லது.

கணக்கு_லதா:
ஆடிட்டர் பக்கத்துலேர்ந்து. தொகையை எப்படிப் பிரிச்சு எழுதறீங்கங்கறதுல உங்களுக்குப் பணம் இருக்கு ரேவதி. டிரேட்மார்க், தொழில் ரகசியத்துக்குக் கொடுத்த பணத்துல வருமான வரிக் கணக்குல வருஷம் 25% தேய்மானம் எடுக்கலாம். குட்வில்னு எழுதின தொகைக்கு 2020-21 நிதியாண்டுலேர்ந்து தேய்மானமே கிடையாது. குட்வில்லும் சேர்ந்து வருதுன்னு எழுதுங்க, ஆனா விலையில பெரும்பகுதி எதுக்குன்னு யோசிச்சு, நியாயமா மதிப்புப் போட்டு எழுதுங்க.

ஜிஎஸ்டி: பேரை மட்டும் வித்தா 18%. மொத்த வியாபாரத்தையும் ஓடுற நிலையில அப்படியே கை மாத்தினா வரி இல்லை. உங்களோடது ரெண்டாவது வகை இல்லை. விலை பேசினது வரியோடவா, வரி தனியாவான்னு கேட்டுக்கங்க. பெரியவர் சொந்தமா உருவாக்கின பிராண்டுங்கறதால அவருக்கு அடக்க விலை பூஜ்யம், வர்றது முழுக்க மூலதன ஆதாயம். அதை அவர் ஆடிட்டர் சொல்லலைன்னா நீங்க சொல்லுங்க, பின்னாடி மனஸ்தாபம் வராது.

யார் பேர்ல வாங்கறீங்க? ஜிஎஸ்டி உங்க பேர்ல, பிராண்டு வீட்டுக்காரர் பேர்லன்னு வெச்சுக்காதீங்க. அப்புறம் உங்களுக்குள்ளயே லைசென்ஸ் எழுத வேண்டி வரும். எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் (உணவுப் பொருள் தயாரிக்க எடுக்கிறது) பிராண்டோட வராது, பழைய பாக்கெட்ல இருக்கிற நம்பர் பெரியவரோடது. அந்த பாக்கெட் ஸ்டாக்கை வாங்கி அப்படியே ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க.

கோவில்பட்டி_ராஜ்:
இழையைத் திருப்பறதுக்கு மன்னிக்கணும். எங்க ஊர் கடலை மிட்டாய் புவிசார் குறியீட்டை ஒரு கம்பெனிக்கு விலை பேசி எழுதிக் கொடுக்க முடியுமா?

கிண்டி_ஏஜென்ட்:
முடியாது. புவிசார் குறியீட்டை விக்க, அடமானம் வெக்க, லைசென்ஸ் கொடுக்க எதுக்கும் வழியில்லை, அந்தச் சட்டத்தோட பிரிவு 24. அந்த ஊர்ல செய்யறவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா தனித்தனியாப் பதிவு பண்ணிக்கணும், அவ்வளவுதான். உங்க கடைப் பேர் தனி டிரேட்மார்க்னா அதை விக்கலாம்.

கிள்ளான்_சுந்தர்:
ரேவதி தங்கச்சி, அந்தப் பொடி இங்கே மலேசியாவுக்கும் வருதா? ஈரோட்டுப் பொடி சிலது எங்க கடைகள்ல பார்த்திருக்கேன். டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. இந்தியப் பதிவை வாங்கினா இந்தியா மட்டும்தான் உங்களுது. இங்கே இறக்குமதி பண்றவரே தன் பேர்ல பதிவு பண்ணி வெச்சிருக்கிறது சகஜம். மலேசியாவோட பதிவு அலுவலகத் தளத்துல தேடிப் பாருங்க.

சட்டக்கல்லூரி_மாறன்:
சுந்தர் அண்ணன் சொல்றதுக்கு மாஸா வழக்கே இருக்கு. 1993-ல தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாம் கோகோ கோலாவுக்குப் போனப்போ மாஸாவும் இந்தியாவுக்கு மட்டும் போச்சு. 2008-ல துருக்கியில மாஸாவைப் பதிவு பண்றதுல தகராறு வந்து, டெல்லி உயர்நீதிமன்றம் 2009-ல, இந்தியாவுல மாஸாங்கிற பேரைப் பயன்படுத்தவும் இங்கேர்ந்து அந்தப் பேர்ல ஏற்றுமதி பண்ணவும் வித்த தரப்பான பிஸ்லேரிக்குத் தடை போட்டுச்சு. எந்த நாட்டுக்கு வித்தோம்ங்கறதுதான் அங்கே மொத்தச் சண்டையும்.

திருப்பூர்_நந்து:
சரி, ஒத்துக்கிறேன். 20 ரூபாய் பத்திரத்துல இவ்வளவும் எழுத இடம் பத்தாது.

கணக்கு_லதா:
ஸ்டாம்ப் கட்டணமும் 20 ரூபாயில முடியாது. காப்பிரைட் மாற்றத்துக்கு ஸ்டாம்ப் சட்டத்துல விலக்கு உண்டு, டிரேட்மார்க்குக்கு அது பொருந்தாது. எழுதற வக்கீலையே தொகைக்குத் தகுந்தபடி கணக்குப் போடச் சொல்லுங்க. காப்பிரைட்டுக்குத் தனிப் பத்திரம் போட்டா சுலபம்.

பெருந்துறை_ரேவதி:
எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்றேன்.

பெரியவரோட அண்ணி வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு பங்கு தனக்கு இருக்குன்னே தெரியாது. பெரியவருக்கு மொதல்ல கோபம், அப்புறம் அவரே மூணுல ஒரு பங்கு அண்ணி வீட்டுக்குன்னு சொல்லிட்டார். அவங்க ரெண்டு பொண்ணுங்களும் கையெழுத்துப் போட வர்றாங்க, வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்தாச்சு. புதுப் பத்திரத்தை எங்க வக்கீல் எழுதிட்டிருக்கார்.

மலேசியாவுல சுந்தர் அண்ணா சொன்னதுதான். அங்கே பேர் இறக்குமதி பண்றவர் பேர்ல பதிவாகியிருக்கு, பெரியவருக்கே தெரியலை. அதனால பத்திரத்துல இந்தியா மட்டும்னு போட்டு விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், குறைச்சிருக்கார். பணத்தை எப்போ எப்படிக் கொடுக்கிறதுன்னு மட்டும்தான் பாக்கி.

கிண்டி_ஏஜென்ட்:
பாதி கையெழுத்து அன்னிக்கு. மீதியில பெரும்பகுதி டிஎம்-பி மனு போட்டு நம்பர் வந்தப்புறம். ஒரு சின்னத் தொகையை ரெஜிஸ்டர்ல உங்க பேர் ஏறுற வரைக்கும் நிறுத்தி வைங்க, ஏன்னா ரெஜிஸ்ட்ரி ஏதாவது விளக்கம் கேட்டா விக்கிறவங்க எல்லாரும் மறுபடி கையெழுத்துப் போட வரணும். ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டா, கூகுள் மேப்ல இருக்கிற கடைப் பக்கம், டொமைன் இதுக்கெல்லாம் பாஸ்வேர்டு முதல் நாளே கை மாறணும். அண்ணி வீட்டுப் பணத்தை அவங்க பேர்லயே தனிச் செக்கா கொடுங்க, பெரியவர் வழியா வேண்டாம்.